கோழிக்கூட்டில் ஒரு போத்தல்

அத்தியாயம் 5

கோகிலனைக் கொத்திய கோழிக்குப் பெயர் கிடையாது. இருந்திருந்தால் அந்தத் திங்கட்கிழமை காலையே அவன் அதன்மேல் போலீசில் புகார் கொடுத்திருப்பான்.

"அக்கா, இது கோழியே இல்ல. காவலுக்கு நிக்கிற ஜாகாலா!" என்று கையை உதறினான்.

"அப்ப எதைக் காவல் காக்குது எண்டு பாரும்," என்றாள் பூமணி, குடையைச் சாய்த்துப் பிடித்தபடி.

பூமணிக்கு வயது அறுபது, பேச்சு யாழ்ப்பாணத் தமிழ். முப்பது வருஷம் அரசாங்க மருந்தகச் சன்னலுக்குப் பின்னால் நின்று, "மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடுறேன்" என்று கூசாமல் சொன்ன ஆயிரக்கணக்கானவர்களின் முகங்களைப் பார்த்தவள். பென்ஷன் வந்த மறுமாதமே ஈப்போவில் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். முன்பு இலவசமாகக் கேட்ட பொய்களை இப்போது கட்டணம் வாங்கிக்கொண்டு கேட்கிறாள்; அவ்வளவுதான் வித்தியாசம்.

கோகிலன் நாற்பத்தொரு வயதில் அவளுடைய உதவியாளன். செம்பனைக் குலை லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். இடுப்பு ராஜினாமா செய்ததும் லாரியை விட்டு இறங்கி அவளுடைய பழைய மைவி காரில் ஏறிக்கொண்டான். கார் ஓட்டுவதற்குச் சம்பளம். வாய்க்குச் சம்பளமில்லை. அதனால் அதை அளவில்லாமல் செலவழித்தான்.

அவர்கள் நின்ற இடம் பத்து காஜாவுக்கு வெளியே, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது ஒரே அச்சில் வார்த்த வீடுகளாக மாறிவிட்ட குடியிருப்பு. வீடு இருளாயியுடையது. அறுபத்துமூன்று வயது. முன்பு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவள். இடது மார்பில் கட்டி. புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. அறுத்து எடுக்க நாள் குறித்து, கட்டிலில் படுக்கவைத்து, கடைசி இரத்தப் பரிசோதனையில் டாக்டர்கள் கையை விரித்தார்கள். இரத்தம் உறைய மறுக்கிறது. இந்த நிலையில் கத்தி வைத்தால் ஆள் தங்கமாட்டாள்.

"ஏதாவது மூலிகை மருந்து சாப்பிடுகிறாரா?" என்று கேட்டார்கள். மகள் சாந்தினி, வக்கீல் ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி, வீட்டுக்கு வந்து அலசினாள். அகப்பட்டது ஆயுள்மணி என்ற மாத்திரைப் போத்தல். இருளாயியின் தம்பி பத்துமலை விற்பது. சாந்தினி அதைச் சாக்கடையில் கொட்டினாள். மாமாவை வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று விரட்டினாள். இரண்டாவது நாள் குறித்தார்கள். பரிசோதனையில் மறுபடியும் அதே கதை. அதுவும் ரத்து. இனியும் தள்ளிப்போட்டால் கட்டி காத்திருக்காது என்று டாக்டர் எச்சரித்துவிட்டார். மூன்றாவது நாள் இந்த வியாழக்கிழமை.

"மாமாதான் எப்படியோ கொடுக்கிறாரு. கையும் களவுமா பிடிச்சுக் குடுங்க," என்று சாந்தினி போன வெள்ளிக்கிழமை பூமணியிடம் வந்தது இப்படித்தான்.

வீட்டுக்குள் ஒன்றரை மணி நேரம் தேடியாயிற்று. அரிசித் தொட்டியில் அரிசிதான் இருந்தது. நெத்திலி டின்னில் நெத்திலிதான். இருளாயி நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சி நாடகம் பார்த்துக்கொண்டே, "சாமி படத்துக்குப் பின்னால பாத்தியா தம்பி? ஐஸ் பெட்டிக்கு அடியில கைய விடு, கூச்சப்படாத," என்று உற்சாகமாக வழிகாட்டினாள். தன் வீட்டைச் சோதனை போடுகிறவர்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்த முதல் ஆளைக் கோகிலன் அன்றுதான் பார்த்தான். அவளது முன்கையில் மட்டும் அங்கங்கே நீலம் பாரித்திருந்தது. லேசாக இடித்துக்கொண்டாலே இரத்தம் கட்டிக்கொள்கிற கை.

கடைசியில் மிஞ்சியது பின்கட்டுக் கோழிக்கூடு.

கோகிலன் இரண்டாவது கொத்தையும் வாங்கிக்கொண்டு வைக்கோலுக்கு அடியில் கையைத் துழாவி வெளியே எடுத்தான். கையில் பழுப்பு நிறப் போத்தல்.

"முட்டையே பெருசா இருக்கேன்னு பாத்தேன்."

பூமணி கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி லேபிளைப் படித்தாள். "நூற்றெட்டு மூலிகையாம். பூண்டு, இஞ்சி, மஞ்சள், கிங்கோ இலை... நாலை மட்டும் எழுதிப்போட்டு மிச்சம் நூற்று நாலையும் ரகசியமா வச்சிருக்கிறான்."

"பூண்டு, இஞ்சி, மஞ்சளா? எங்க வீட்டு மீன் கறியிலயே இதெல்லாம் இருக்குக்கா. அதுக்காக யாரும் எங்க ஆத்தாவை ஜெயில்ல போடல."

"கறியில கிடக்கிறது வேற. இறுக்கிக் குளிசையாக்கி, நாளைக்கு ஆறு எண்டு விழுங்கினா, சில உடம்புக்கு இரத்தம் உறையிறதே மறந்து போகும். சும்மா நடமாடுற ஆளுக்கு அது தெரியவராது. கத்தி பட்டாத்தான் தெரியும்." போத்தலைக் கவிழ்த்தாள். "இதைப் பாரும். தயாரிச்ச தேதி இந்த மாசம் மூண்டாம் தேதி. மாமனை விரட்டினது அதுக்கு முதலே."

"அப்ப இது விரட்டினதுக்கு அப்புறம் வந்த சரக்கு!" கோகிலன் வேலியை எட்டிப் பார்த்தான். கூட்டுக்குப் பின்னால் சந்து. சந்தில் நின்று கையை நீட்டினாலே போதும், வீட்டுப் படி மிதிக்க வேண்டியதில்லை. "கேஸ் முடிஞ்சுதுக்கா. மாமனைத் தூக்கலாம்."

பத்துமலை சிம்பாங் பூலாயில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அகப்பட்டான். கேமரன் மலைக்குப் போகிற பஸ்கள் புகை விட்டுக்கொண்டு திரும்பும் முக்கில், மேசைமேல் போத்தல்களைக் கோபுரமாக அடுக்கி ஐந்து பேருக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தான். கறுப்புச் சாயம் போட்ட மீசை. வெயிலில் சாயம் உதட்டுக்கு இறங்கியிருந்தது.

"வெட்டு இல்ல, குத்து இல்ல, ஊசி இல்ல! ஆஸ்பத்திரி பக்கம் தலை வச்சிப் படுக்க வேணாம்!"

கோகிலன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி முன்னால் போனான். "அண்ணே, எனக்குக் கல்லீரல் வீக்கம், முடி கொட்டுது, பொண்டாட்டி பேச மாட்டேங்குறா. மூணுக்கும் ஒரே போத்தல் போதுமா?"

பத்துமலை கண் இமைக்கவில்லை. "முதல் ரெண்டுக்கும் ஒரு போத்தல். மூணாவதுக்கு மட்டும் ரெண்டு."

அதற்குள் அவனுடைய நாசி லெமாக் வந்தது. பிரசங்கத்தை நிறுத்திச் சாப்பிட்டு முடித்தான். சட்டைப் பையிலிருந்து தன் சொந்த ஆயுள்மணிப் போத்தலை எடுத்து, எல்லோரும் பார்க்க உயர்த்திக் காட்டி, உள்ளங்கையில் மூன்று மாத்திரைகளைக் கொட்டினான். வாய்க்குக் கொண்டுபோகுமுன் அந்தக் கையைப் பூமணி பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம். இது ரெண்டும் பிரஷருக்கு. இது கொழுப்புக்கு. முப்பது வருஷம் நான்தான் எண்ணிக் குடுத்தனான், என்னை ஏமாத்த ஏலாது. உங்கட நூற்றெட்டு மூலிகையும் எங்க?"

பத்துமலை எச்சில் விழுங்கினான். மாத்திரையைவிட அது கஷ்டமாக இறங்கியது. "அது... கஸ்டமருக்கும்மா."

கேட்டுக்கொண்டிருந்த ஐந்து பேரில் நான்கு பேர் எழுந்து போனார்கள். ஐந்தாமவருக்குக் காது கேட்காது.

கோகிலன் கோழிக்கூட்டுப் போத்தலை மேசைமேல் வைத்தான். பத்துமலையின் மீசை இன்னும் கொஞ்சம் வெளுத்தது.

"ஆமா, நான்தான் வச்சேன். ஆனா நானா வைக்கலண்ணே, முருகன் சத்தியமா! அக்காவுக்கு ஆபரேஷன் நின்னுபோச்சின்னதும் நான் பயந்துட்டேன். நம்மால அக்காவுக்கு ஏதும் ஆயிடுமோன்னு ரெண்டு நாள் சோறு இறங்கல. அப்புறம் சாந்தினியே மெசேஜ் போட்டுச்சி. சரி, பிள்ள மனசு மாறிடுச்சின்னு நெனச்சேன்."

கைப்பேசியைத் திறந்து நீட்டினான். சாந்தினியின் எண். சாந்தினியின் படம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிஷம். அதற்கு முந்திய இரண்டு ஞாயிறும் அதே போல ஒவ்வொன்று.

கோகிலன் அதைத் தன் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டான்.

காருக்குத் திரும்பியதும் அவன் ஸ்டியரிங்கை ஒரு குத்துக் குத்தினான். "நம்மள வேலைக்கு வச்சவளே வில்லிக்கா! ஒரு கையால விஷம் வாங்குறது, இன்னொரு கையால துப்பறியறவங்களைக் கூப்புடுறது. ஏன்? யாரும் சந்தேகப்படக்கூடாதுன்னுதான். என்னா மூளை! மூஞ்சியப் பாத்தா பாசக்காரப் பொண்ணு மாதிரி இருக்கு."

"அந்த மெசேஜைத் திருப்பி வாசியும்."

கோகிலன் தான் படமெடுத்து வைத்திருந்ததைப் பார்த்துச் சத்தமாகப் படித்தான். "'தம்பி, ஒரு போத்தல் கோழிக்கூட்டில் வை. வீட்டுக்குள் வராதே.' எவ்ளோ திமிரு பாத்தீங்களா?"

"சாந்தினி அந்த ஆளை என்னெண்டு கூப்பிடுறவ?"

"மாமான்னு. வேற என்னான்னு..." கோகிலன் மெசேஜை மறுபடி பார்த்தான். ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. "மருமக மாமனைத் தம்பின்னு கூப்பிட மாட்டா."

"கூப்பிடமாட்டா. அவனைத் தம்பி எண்டு கூப்பிட இந்த உலகத்தில ஒரே ஒரு ஆளுக்குத்தான் பழக்கம். வியாபாரம் வந்த சந்தோசத்தில அந்த மடையன் அதைக் கவனிக்கேல்லை."

கோகிலன் நம்ப முடியாமல் போத்தலைக் கையில் எடுத்தான். மூடியைத் திருகினான். வாயில் ஒட்டியிருந்த மெல்லிய தகட்டுத் தாளை அப்போதுதான் சரியாகப் பார்த்தான். அவனானால் பெருவிரலால் ஒரு குத்துக் குத்திக் கிழித்திருப்பான். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். இந்தத் தாள் கிழியவில்லை. விளிம்பை ஒட்டி, சரியாகப் பாதி வட்டம், ஒரே சீராகச் சீவப்பட்டிருந்தது. உள்ளே இருந்த பஞ்சில் கீறல்கூட இல்லை.

"அக்கா," என்றான், குரலில் வழக்கமான கேலி இல்லாமல். "எங்க ஆத்தாவும் பால் வெட்டுன ஆளுதான், பால் டின்னைக்கூட இப்படித்தான் திறக்கும். ரப்பர் மரத்துல பாதி வட்டம்தான் கோடு போடணும். பட்டையை மட்டும் சீவணும், உள்மரத்துல கத்தி படக்கூடாது. பட்டா மேற்பார்வை பாக்குற மண்டோர் ஏசுவாரு. இது பால் வெட்டுன கைக்கா."

பூமணி அவனைப் பெருமையோடு பார்த்தாள். பிறகு உடனே அந்தப் பெருமையை மறைத்துக்கொண்டாள்; சம்பளம் கூட்டிக் கேட்பான்.

"எல்லாம் சரி," என்றான் கோகிலன் காரைத் திருப்பியபடி. "உயிரைக் காப்பாத்துற ஆபரேஷன். அது நிக்கிறதே இந்த மாத்திரையாலன்னு தெரிஞ்சும் அந்தம்மா ஏன் சாப்பிடுது? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"புத்தி கெட்ட ஆள் இவ்வளவு அழகாத் திட்டம் போடாது. போய்க் கேப்பம்."

இருளாயி நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். சாந்தினி வேலையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். போத்தலைப் பார்த்ததும் அவள் முகம் சிவந்தது.

"மாமாதானே? நான் சொன்னேன்ல?"

"மாமன் வச்சது. கேட்டது உங்கட போன்," என்றாள் பூமணி.

"என் போனா?"

இருளாயி நிமிராமலே சொன்னாள். "கண்டுபிடிச்சிட்டீங்களா? நாலு நாள் ஆச்சே. நான் வெள்ளிக்கிழமையே பிடிச்சிருவீங்கன்னு பாத்தேன்."

சாந்தினி அம்மாவைப் பார்த்தாள், பூமணியைப் பார்த்தாள், கைப்பேசியைப் பார்த்தாள். "என் போன் லாக் பண்ணியிருக்கே!"

"உன் பொறந்த தேதிதானே? பெத்தது நான். எனக்குத் தெரியாதா? நீ குளிக்கப் போறப்ப எடுத்து, அனுப்பிட்டு, அழிச்சிருவேன்." கையைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க பிடிச்சது ஒண்ணுதான் தங்கச்சி. குளிக்கிற ரூம்ல தண்ணித் தொட்டிக்குப் பின்னால இன்னும் ரெண்டு இருக்கு."

கோகிலன் தலையில் கைவைத்துக்கொண்டான். அந்தத் தொட்டிக்குப் பின்னால் தேடியவன் அவன்தான்.

"ஏம்மா?" என்றாள் சாந்தினி. "செத்துப் போகணுமா உங்களுக்கு?"

"சாகறதுக்கா இவ்ளோ கஷ்டப்பட்டு மாத்திரை முழுங்குவாங்க? பூண்டு ஏப்பம் தாங்க முடியல." இருளாயி தட்டை நகர்த்தி வைத்தாள். "முதல் தடவை தெரியாமத்தான் சாப்பிட்டேன். தம்பி குடுத்தான், நல்லதுன்னான். ஆபரேஷன் நின்னுச்சி. அன்னிக்கு வார்டுல ஒரு நர்ஸ் மிஸ்ஸி என் பக்கத்துல உக்காந்து மலாய்ல சொன்னா: மக்சிக், அதாவது பெரியம்மா, இந்த மாதிரி ஜாமு மருந்தெல்லாம் இரத்தத்தைத் தண்ணியாக்கும், சாப்பிட்டா வெட்ட மாட்டோம், நிறுத்திருங்கன்னு. நல்ல பொண்ணு. நான் வேண்டாம்னா யாரும் கேக்க மாட்டேங்குறீங்க. இந்த மாத்திரை வேண்டாம்னா கேக்குறாங்க. அதான்."

தொலைக்காட்சியில் நாடகத்துப் பெண் அழுதுகொண்டிருந்தாள். பூமணி எழுந்து தொலைக்காட்சியை அணைத்தாள்.

"ஏன் வேண்டாம்?" என்று கேட்டாள்.

இருளாயி பூமணியை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கேள்விக்குத் தயாராக இல்லாதவள் போல இருந்தாள்.

"பீடோர் ஊர்ல இருக்குற என் நாத்தனாருக்கு இதேதான் வெட்டுனாங்க. கை வாழைத்தண்டாட்டம் வீங்கிப்போச்சி. சோத்துப் பானையைத் தூக்க முடியாது, தலை சீவ முடியாது. பத்து வருஷமா அடுத்தவங்க கையைப் பாத்துக்கிட்டு இருக்கா. எனக்கும் அப்படித்தானான்னு தெரியணும். எதை எடுக்குறாங்க, எவ்ளோ எடுக்குறாங்க, அப்புறம் கை எப்படி இருக்கும், ஒண்ணும் தெரியாது." மகள் பக்கம் திரும்பினாள். "டாக்டரோட அரைமணி நேரம் இங்கிலீஸ் பேசுன. வெளிய வந்து என்கிட்ட என்னா சொன்ன? 'சின்ன ஆபரேஷன், பயப்படாதீங்க.' அரைமணி நேர இங்கிலீசுக்கு மூணு வார்த்தைத் தமிழ். மிச்சமெல்லாம் எங்க போச்சி?"

"நீங்க பயந்துருவீங்கன்னுதாம்மா..."

"தெரியாமத்தாண்டி பயந்தேன்."

சாந்தினி சமையலறை வாசலில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமாவை விரட்டியது, அலமாரி அலமாரியாகக் கொட்டியது, துப்பறிய ஆள் வைத்தது எல்லாம் அவள் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது. இவ்வளவு செய்தவள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கோகிலன் ஒரு ஜோக் சொல்ல வாயெடுத்தான். அதை விட்டுவிட்டு, போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

பூமணி இருளாயிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அக்கா, நான் டாக்டர் இல்ல. மருந்து குடுத்தவ. அதால எனக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்றன். நீங்க இரத்தத்தைத் தண்ணியாக்கி ஆபரேஷனை லீவு போட வச்சிட்டீங்கள். ஆனா கட்டி எம்.சி. எடுத்து லீவு போடாது. சனி, ஞாயிறும் வேலைக்கு வரும். கை வீக்கம் சிலருக்கு வரும், சிலருக்கு வராது. உங்களுக்கு எப்படி எண்டு சொல்ல வேண்டியவர் வெட்டப்போற ஆள். கேள்வியெல்லாம் கேட்டு முடிச்ச பிறகும் நீங்க வேண்டாம் எண்டா, அதை உங்கட வாயாலயே சொல்லுங்கோ. அதுக்கு மாத்திரை தேவையில்ல."

"நான் கேட்டா டாக்டர் சொல்லுவாரா? அவருக்குத் தமிழ் வராது."

"உங்களுக்கு மலாய் வருமே," என்றான் கோகிலன். "மண்டோரையே மலாய்ல ஏசின ஆளு மாதிரி இருக்கீங்க."

இருளாயி முதல்முறையாகச் சிரித்தாள். "அவன் சீக்கியன்லா. அவனுக்கு நான் பேசுன மலாயே புரியாது."

வார்டுக்குத் தொலைபேசி போட்டது சாந்தினி. ஆனால் அந்த மிஸ்ஸி லைனில் வந்ததும் அவள் கைப்பேசியை அம்மாவிடம் நீட்டினாள். இருளாயி முந்தானையை இழுத்துச் செருகி, தொண்டையைச் செருமி, சாட்சிக்கூண்டில் ஏறியவள் போல நிமிர்ந்து உட்கார்ந்து மலாயில் தொடங்கினாள். நான்தான் சாப்பிட்டேன். நேற்று ராத்திரிவரை சாப்பிட்டேன். ஒரு நாளைக்கு ஆறு. யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். இனி சாப்பிடமாட்டேன். ஆனால் எனக்குக் கேட்கவேண்டியது நிறைய இருக்கிறது.

மறுமுனையில் மிஸ்ஸி திட்டவில்லை. போத்தல்களை எல்லாம், சாப்பாடு மாதிரிதான் என்று நினைத்துத் தின்பதையும்கூட, ஒரு பையில் போட்டுக்கொண்டு நாளைக் காலை வரச் சொன்னாள். வியாழக்கிழமை நடக்காது, உடம்பிலிருந்து இது இறங்கக் கொஞ்ச நாள் வேண்டும், புதுத் தேதி டாக்டர் சொல்வார் என்றாள்.

"கேள்வியெல்லாம் எழுதிக்கிட்டு வரச் சொல்றா," என்றாள் இருளாயி கைப்பேசியைக் கொடுத்துவிட்டு. "சாந்தினி, ஒரு தாள் எடு. நீளமா எடு."

பதினேழு கேள்விகள் எழுதினார்கள். பதினோராவது கேள்வி டாக்டருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பது. சாந்தினி அதை அடிக்கப் பார்த்தாள். இருளாயி விடவில்லை.

டாக்டர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார் என்று பிறகு தெரியவந்தது. அக்குளில் எந்த இடம்வரை போவோம் என்று படம் போட்டுக் காட்டினாராம். கைக்கு என்னென்ன பயிற்சி என்று ஒரு பெண் வந்து சொல்லிக்கொடுத்தாளாம். வீக்கம் வரவே வராது என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. அதனாலேயே இருளாயிக்கு அவர்கள் மேல் நம்பிக்கை வந்தது. கையெழுத்தை அவளே, நிதானமாக, தமிழில் போட்டாள். பத்துமலையைச் சாந்தினி மன்னிக்கவில்லை. இருளாயி மட்டும், பிரஷர் மாத்திரையை அதன் சொந்த உறையிலேயே வைத்துச் சாப்பிடச் சொல்லி அவனுக்குத் தகவல் அனுப்பினாள்; இந்தமுறை தன் சொந்தக் கைப்பேசியிலிருந்து.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, இரத்தம் ஒழுங்காக உறைந்தது. காலை எட்டரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பூமணியும் கோகிலனும் காத்திருப்பு அறையில் சாந்தினியோடு உட்கார்ந்திருந்தார்கள். கேஸ் என்றைக்கோ முடிந்துவிட்டது. இருந்தும் ஏன் வந்தோம் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கோகிலன் சொன்ன ஜோக்குகளில் இரண்டுக்குச் சாந்தினி சிரித்தாள். இரண்டுமே நல்ல ஜோக்குகள் இல்லை.

மாலை நான்கு மணிக்கு, இருளாயிக்கு மயக்கம் தெளிந்து வார்டுக்குக் கொண்டுவந்த பின், டாக்டர் வந்தார். களைத்த முகம். சாந்தினியை அடையாளம் கண்டு நேராக அவளிடம் வந்து இங்கிலீசில் ஆரம்பித்தார்.

சாந்தினி கையை உயர்த்தி இங்கிலீசிலேயே சொன்னாள். 

"டாக்டர், மன்னிச்சுக்குங்க. அம்மா முழிச்சிதான் இருக்காங்க. அவங்ககிட்டயே சொல்லுங்க, மலாய்ல. நான் அப்புறமா அவங்ககிட்ட கேட்டுக்கறேன்."

டாக்டர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். தலையசைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனார்.

மூவரும் வெளியே நின்றார்கள். டாக்டரின் குரல் தணிந்து, நீண்ட நேரம் கேட்டது. வார்த்தை புரியவில்லை. சாந்தினி பூமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு குரல் நின்றது.  

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து இருளாயியின் குரல், கரகரத்து, ஆனால் வார்டு முழுக்கக் கேட்கும்படி மலாயில் எழுந்தது.

"எல்லாம் விளங்கிருச்சி டாக்டர். இப்ப சோறு எப்போ வரும்?"